தொண்ணூறு எழுத்தில் ஓர் இரும்புக் கணக்கு

1915ஆம் ஆண்டு, அன்றைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. பல கிறித்தவ மிஷன்கள் கைகோத்துக் கட்டியது. டென்மார்க்கிலிருந்து வந்த கிறிஸ்தியன் ஃப்ரிமொட்-மோலர் என்ற மருத்துவர் அதை நடத்தினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. மேட்டு நிலத்தின் உலர்ந்த காற்று, படுக்கை ஓய்வு, வயிறாரச் சாப்பாடு, இவைதான் சிகிச்சை. பின்னாளில் 1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசியை முன்னோட்டமாகப் போட்டுப் பார்த்த இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று. கிறிஸ்தியனின் மகன் யோஹானஸ் 1950 முதல் 1955 வரை சுற்றுவட்டாரக் கிராமங்களில் காசநோயைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு உலகமெங்கும் படிக்கப்பட்டது.

அங்கே சளி மாதிரியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், நீலப் பரப்பில் மெல்லிய சிவப்புக் கோடுகளாகக் கிருமி தெரியும். எத்தனையோ பேர் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்த கோடுகள். அந்தக் கோட்டுக்குள், இரும்பு குறையும்போது சுரக்கிற ஓர் இழை உண்டு. ஏறத்தாழ நூறு எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. அதிலிருந்து எந்தப் புரதமும் உண்டாவதாகத் தெரியவில்லை. ஆனால் எந்தப் புரதம் உண்டாக வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு. 2018 வரை அதற்குப் பெயர்கூட இல்லை. அதை ரசிப்பதற்கு முன்னால், நம் குடலில் வாழும் ஈ.கோலையிடம் உள்ள அதன் இணையைப் பார்த்துவிடுவது நல்லது. எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டது அதுதான்.

முதலில் ஒரு பழைய ஊகம். 1961இல் பாரிஸில் ழாக்கோபும் மோனோவும் பாக்டீரியாவில் மரபணு எப்படி மூடுகிறது, எப்படித் திறக்கிறது என்று விளக்கினார்கள். மரபணுவை மூடிவைக்கும் பொருள் ஒன்று இருக்க வேண்டும், அது ஆர்.என்.ஏ.யாக இருக்கக்கூடும் என்றும் எழுதினார்கள். 1966இல் கில்பர்ட்டும் ம்யுல்லர்-ஹில்லும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது புரதம். அத்தோடு ஆர்.என்.ஏ. ஊகம் ஓரங்கட்டப்பட்டது. 1981இல் டொமிசாவா ஒரு பிளாஸ்மிடில் ஆட்சி செய்யும் சிறு ஆர்.என்.ஏ. ஒன்றைக் காட்டினார். 1984இல் இனொயே குழு ஈ.கோலையின் சொந்தக் குரோமோசோமிலிருந்தே இன்னொன்றைக் கண்டது. பாரிஸின் ஊகம் தான் சொல்லவந்த மரபணுவில் பொய்த்தது. வேறு நூறு இடங்களில் மெய்யானது. எங்கள் பக்கத்துத் திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது, 2015 முதல் ஐசர் அறிவியல் கல்வி நிறுவனமும் இருக்கிறது. அங்கெல்லாம் உயிரியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு, மூடும் புரதத்தோடு பாடத்தை முடித்துவிடாமல் இந்த ஆர்.என்.ஏ. கிளைக்கும் நிதானமாக ஒரு வாரம் ஒதுக்கவேண்டும் என்பது என் ஆசை. அழகு மிகுந்திருப்பது இந்தக் கிளையில்தான்.

2001இல் ஈ.கோலையின் 46 லட்சம் எழுத்துகளில், மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெறும் பகுதிகள் என்று தள்ளிவிடப்பட்ட இடங்களைச் சில குழுக்கள் சல்லடை போட்டுத் தேடின. அமெரிக்காவில் சூசன் காட்ஸ்மனும் கிசெலா ஸ்டார்ஸும் ஒரு பக்கம். ஜெருசலேமில் ஷோஷி ஆல்டுவியாவும் உடனிருந்தவர்களும் மறுபக்கம். வெறும் பகுதியிலிருந்து குட்டி ஆர்.என்.ஏ.க்கள் வரிசையாக வெளிவந்தன. அவற்றில் ஒன்று ரைஹெச்-பி. மொத்தம் 90 எழுத்து.

அது ஒரு நெடுநாள் புதிரை அவிழ்த்தது. ஃபர் என்றொரு புரதம் இருக்கிறது. இரும்பைப் பற்றிக்கொண்டால்தான் அது டி.என்.ஏ.வில் போய் அமரும். அமர்ந்த இடத்து மரபணு மூடிக்கொள்ளும். இரும்பு போதுமான அளவு இருக்கும்போது இரும்பு தேடும் கருவிகள் எதற்கு? அவற்றை ஃபர் மூடிவைக்கும். இதுவரை சரி. ஆனால் இரும்பைத் தன்னுள் வைத்து வேலைசெய்யும் சில புரதங்கள், ஃபர் இருந்தால் கூடின. ஃபரை நீக்கிய கிருமியில் குறைந்தன. மூடுவதையே தொழிலாகக் கொண்ட புரதம் இவற்றை எப்படித் திறக்கிறது? 2002இல் எரிக் மாஸேயும் காட்ஸ்மனும் விடை சொன்னார்கள். ஃபர் அவற்றைத் திறக்கவில்லை. ஃபர் மூடுவது ரைஹெச்-பியை. ரைஹெச்-பி மூடுவது அந்தப் புரதங்களை. இரும்பு தீர்ந்ததும் ஃபர் டி.என்.ஏ.வை விட்டு விலகும், ரைஹெச்-பி பெருகும், இரும்பு செலவாகும் வேலைகள் நிற்கும். இதில் ஒரு புதிய சட்டமும் இல்லை. ஃபர் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தது. இடையில் 90 எழுத்து இருந்ததை நாம்தான் பார்க்கவில்லை.

எந்த வேலைகளை நிறுத்துகிறது என்று பார்த்தால் அதன் விவேகம் புரியும். மூச்சு வேதியியலில் வரும் சக்ஸினேட் டிஹைட்ரோஜனேஸ், அகானிட்டேஸ், இரும்பைச் சேமித்துவைக்கும் ஃபெரிட்டின் வகைகள் என்று இரும்பைப் பிடித்துவைக்கும் புரதங்களின் உற்பத்தி தணிகிறது. புதிதாக உள்ளே வரும் கொஞ்ச இரும்பு, அது இல்லாவிட்டால் உயிரே நிற்காது என்னும் வேலைகளுக்குப் போகிறது. ராயலசீமையில் மழை பொய்த்த வருஷத்தில் குடும்பத்தலைவி பலகாரத்தையும் விருந்தையும் நிறுத்தி, குதிரில் இருக்கும் கேழ்வரகைக் களிக்கு மட்டும் என்று ஒதுக்குவாளே, அந்தக் கணக்கு இது.

அந்தப் பட்டியலில் என்னை நெடுநேரம் நிறுத்திவைப்பது சோட்-பி. சூப்பராக்ஸைடு என்ற நச்சு ஆக்சிஜனைத் தணிக்கும் நொதி அது. அதன் மையத்தில் இரும்பு. இதை நிறுத்தினால் நச்சுக்கு யார் பதில் சொல்வது? ஈ.கோலையிடம் அதே வேலையைச் செய்யும் இன்னொரு நொதி உண்டு: சோட்-ஏ. அதன் மையத்தில் இருப்பது மாங்கனீசு. சோட்-ஏ மரபணுவையும் ஃபர்தான் மூடிவைத்திருக்கிறது. ஆகவே இரும்பு குறைந்து ஃபர் விலகும் அதே நேரத்தில், ஒரு பக்கம் ரைஹெச்-பி பிறந்து இரும்பு நொதியை நிறுத்துகிறது. மறுபக்கம் மாங்கனீசு நொதியின் மரபணு விடுபடுகிறது. ஒரே புரதம் விலகியதில் இரண்டு காரியமும் நடந்து முடிகிறது. காவல் இல்லாத இடைவெளி ஏற்படவில்லை.

இனி தொடும் முறை. மரபணுவிலிருந்து படியெடுத்த தூது ஆர்.என்.ஏ.யை ரைபோசோம் படித்துப் புரதமாக்குகிறது. அது படிக்கத் தொடங்க ஓர் இடம் வேண்டும். சோட்-பி தூதில் அந்தத் தொடக்க இடத்தை ஒட்டியே, ஒன்பது எழுத்து அளவில் ரைஹெச்-பி இணைகிறது. ஏ எதிரே யூ, ஜி எதிரே சி. அவ்வளவுதான், ரைபோசோம் அமர இடமில்லை. இப்படி இணையும் குட்டி ஆர்.என்.ஏ.க்களில் ஓர் எழுத்தை மாற்றினாலே சில சமயம் ஆட்சி குலையும். எதிரில் உள்ள தூதிலும் அதற்கு ஈடான எழுத்தை மாற்றிப் பொருத்தினால் ஆட்சி திரும்பிவிடும். ஆய்வாளர்கள் இதைத்தான் சான்றாகக் கொள்கிறார்கள். உயிரியலில் இத்தனை தெளிவான சான்று அபூர்வம்.

ரைபோசோமை மறித்ததோடு கதை முடிவதில்லை. ஆர்.என்.ஏஸ் ஈ என்ற நொதி வந்து தூதையே வெட்டிப் போடுகிறது. வெட்டு விழும் இடம் இணைந்த இடத்தில் இல்லை. அதிலிருந்து 350 எழுத்துக்கும் அப்பால் என்று மாஸே குழு 2011இல் காட்டியது. முதலில் எனக்கு இது வீண் தூரமாகப் பட்டது. யோசித்தால் தூரத்துக்குப் பொருள் உண்டு. ரைஹெச்-பி வரும் முன்பே படிக்கத் தொடங்கிவிட்ட ரைபோசோம்கள் தூதின்மேல் நகர்ந்துகொண்டிருக்கும். அவை அந்த இடத்தைக் கடந்து போகும்வரை வெட்டுவாய் மறைந்திருக்கும். கடைசி ரைபோசோமும் போனபின், பின்னால் புதிதாக எதுவும் வரவில்லை என்றால்தான் அந்த இடம் வெளிப்படும். எடுத்த வாசிப்பு பாதியில் அறுபடுவதில்லை.

நிறுத்துவது மட்டுமே அதன் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஷிஏ என்ற தூது தனக்குத்தானே மடிந்து, ரைபோசோம் அமரும் இடத்தை மறைத்துவைத்திருக்கும். ரைஹெச்-பி அங்கே போய் இணைந்தால் மடிப்பு பிரிந்து இடம் திறக்கிறது. அந்தத் தூதிலிருந்து வரும் புரதம் ஷிகிமேட்டை உள்ளே கொண்டுவரும். ஷிகிமேட்டிலிருந்துதான் இரும்பைப் பிடித்துவரும் என்டரோபாக்டின் உருவாகிறது. அதே 90 எழுத்து, ஒருபுறம் செலவைக் குறைக்கிறது, மறுபுறம் வரவுக்கு வழி செய்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் வியக்கவைப்பது அதன் முடிவு. தூதை வெட்டும்போது ரைஹெச்-பியும் கூடவே அழிகிறது. ஒன்றுக்கு ஒன்று. ஒரு புரதக் கட்டுப்படுத்தி அப்படி இல்லை; ஒரு மரபணுவை விட்டு எழுந்து அடுத்ததில் போய் அமரும், மீண்டும் வரும். ரைஹெச்-பிக்கு மறுபயன் கிடையாது. இதனால் இரண்டு விளைவு. முதலாவது, இலக்குத் தூதுகளின் எண்ணிக்கை ரைஹெச்-பியைவிடக் கூடுதலாக இருக்கும்வரை மீதித் தூது தப்பிப் புரதமாகும். ரைஹெச்-பியின் எண்ணிக்கை மிஞ்சியதும் உற்பத்தி சட்டென்று அடங்கும். எல்லைக்கோடு ஒன்று வெறும் எண்ணிக்கையாலேயே வரையப்படுகிறது. இரண்டாவது, இரும்பு திரும்பி வந்து ஃபர் மூடிவிட்டால், மிச்சமிருக்கும் ரைஹெச்-பியைத் துப்புரவு செய்யத் தனி ஏற்பாடு வேண்டியதில்லை. இலக்குகளோடு சேர்ந்து சில நிமிடங்களில் செலவழிந்துவிடும்.

ஆனால் மூடிய மரபணுவும் அவ்வப்போது கசியும். இரும்பு நிறைந்திருக்கும்போதே ஒன்றிரண்டு ரைஹெச்-பி தவறிப் பிறந்தால்? 2015இல் மாஸே குழு கண்டது இதை: கடத்து ஆர்.என்.ஏ. செய்யும்போது முன்வடிவின் கடைவாலில் ஒரு துண்டு வெட்டி நீக்கப்படும். கழிவு என்றே எல்லோரும் கருதியிருந்த துண்டு. அது ரைஹெச்-பியோடு இணையக்கூடிய எழுத்துகளைக் கொண்டிருக்கிறது. வழிதவறிப் பிறந்த ரைஹெச்-பியை அதுவே பிடித்து முடித்துவிடுகிறது. உண்மையான பஞ்சம் வந்து ரைஹெச்-பி பெருகும்போதுதான் இந்தத் துண்டுகளை மீறி இலக்குகளுக்குப் போக முடியும். கழிவென்று சொன்ன இடத்தில் இப்படி ஒரு நேர்த்தி.

இணைதலுக்குத் துணை நிற்கும் ஹெச்எஃப்க்யூ புரதத்தையும் சொல்லவேண்டும். 1968இல், ஈ.கோலையைத் தாக்கும் க்யூ-பீட்டா வைரஸ் பெருக உதவும் பொருளாக அதைக் கண்டார்கள். அதன் வீட்டுவேலை என்ன என்பது தெரிய முப்பது ஆண்டு ஆயிற்று. ஆறு அலகு சேர்ந்த வளையம். அதன் ஒரு முகம் குட்டி ஆர்.என்.ஏ.யின் யூ நிறைந்த வாலைப் பிடிக்கும். எதிர்முகம் ஏ நிறைந்த தூதைப் பிடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும்.

கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் சித்தூர்ப் பக்கத்திலிருந்து எழுதும்போது இனிப்பைப் பற்றிய ஒன்றையும் சேர்க்காமல் போக மனமில்லை. குளுக்கோஸ் ஈ.கோலைக்குள் நுழையும்போதே பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு நுழைகிறது. அது அடுத்த படிக்குப் போய்ச் செரிக்காமல் தேங்கினால் கிருமியின் வளர்ச்சி நின்றுவிடும். தேக்கம் தெரிந்ததும் எஸ்ஜிஆர்எஸ் என்ற குட்டி ஆர்.என்.ஏ. பிறக்கிறது, 227 எழுத்து. 2004இல் கரின் வாண்டர்பூலும் காட்ஸ்மனும் அதை விவரித்தார்கள். சர்க்கரையை உள்ளே ஏற்றும் புரதத்தின் தூதோடு அதன் பின்பகுதி இணைகிறது. புதிய ஏற்றிகள் உருவாவது நிற்கிறது. சரி, ஏற்கெனவே சவ்வில் பதிந்து சர்க்கரையை ஏற்றிக்கொண்டிருப்பவை? அதே 227 எழுத்தின் முன்பகுதிக்குள் 43 அமினோ அமிலம் கொண்ட ஒரு குட்டிப் புரதத்துக்கான செய்தி எழுதப்பட்டிருக்கிறது. அது போய்ப் பழைய ஏற்றிகளை அடைக்கிறது. இனி, உள்ளே தேங்கிய சர்க்கரை? 2013இல் பாப்பென்ஃபோர்ட், ஃபோகல் குழு இதற்கும் விடை கண்டது. பாஸ்பேட்டைக் கழற்றும் ஒரு நொதியின் தூதில், வெட்டுவாய் இருக்கும் இடத்தில் எஸ்ஜிஆர்எஸ் இணைந்து அதை வெட்டுப்படாமல் காக்கிறது. நொதி கூடுகிறது, பாஸ்பேட் கழல்கிறது, சர்க்கரை வெளியேற முடிகிறது. ஒரு தூதுக்குக் கேடாக வந்த இணைவு இன்னொரு தூதுக்குக் காப்பாக நிற்கிறது. வருவதை நிறுத்து, வந்துகொண்டிருப்பதை அடை, வந்ததை அனுப்பு: மூன்றும் ஒரே இழையில்.

இப்போது மதனப்பள்ளிக் கிருமிக்கு வருவோம்.

நம் உடல் இரும்பை வெளியில் விட்டுவைப்பதில்லை. ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் பிடித்துவைத்திருக்கும், செல்லுக்குள் ஃபெரிட்டின் பூட்டிவைத்திருக்கும். காசநோய்க் கிருமியை விழுங்கிய வெள்ளணு, அது இருக்கும் அறையிலிருந்து இரும்பை வெளியேற்றவும் செய்யும். இரும்புச் சத்தைக் கொடுத்தால் அடங்கிக் கிடந்த காசநோய் கிளம்பக்கூடும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாரிஸ் மருத்துவர் ட்ரூசோ எச்சரித்திருக்கிறார். காரணம் தெரியாமலே நோயாளிகளைக் கவனித்துச் சொன்னது. கிருமியும் சும்மா இருப்பதில்லை. மைக்கோபாக்டின் என்னும் இரும்புப் பிடிப்பானைச் செய்து போராடுகிறது. ஐடிஇஆர் என்ற புரதம் அதனிடத்தில் ஃபரின் வேலையைப் பார்க்கிறது.

ஆனால் இந்தக் கிருமியிடம் ஹெச்எஃப்க்யூ இல்லை. 1998இல் அதன் மரபுத்தொகுதி முழுதும் படிக்கப்பட்டது. ஏறத்தாழ 44 லட்சம் எழுத்து. அதில் 65 சதவீதத்துக்குமேல் ஜியும் சியும்தான். ஏ-யூ இணையில் இரண்டு பிணைப்பு. ஜி-சி இணையில் மூன்று. ஈ.கோலையில் வளையத்தின் துணையோடு நடப்பது இங்கே எழுத்துகளின் சொந்த வலுவில் நடக்கிறதோ என்று பலர் எண்ணுகிறார்கள். 2009இல் லண்டனில் கிரிஸ்டீன் ஆர்ன்விக்கும் டக்ளஸ் யங்கும் இந்தக் கிருமியின் குட்டி ஆர்.என்.ஏ.க்களை முதன்முதலாக வெளியிட்டார்கள். சி எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வளைவுகளைக் கொண்ட ஒன்றும் அவற்றில் இருந்தது. ரைபோசோம் அமரும் இடத்தில் ஜி நிறைந்திருக்கும் என்பதை நினைத்தால் அந்த வளைவுகள் ஏன் அப்படி என்று ஊகிக்கலாம்.

2018இல் ஹார்வர்டில் எலியாஸ் கெரிக், சாரா ஃபார்ச்சூன் குழு எம்ஆர்எஸ்ஐ என்ற குட்டி ஆர்.என்.ஏ.யை விவரித்தது. இதுதான் தொடக்கத்தில் சொன்ன இழை. ஐடிஇஆர் அதை மூடிவைத்திருக்கும். இரும்பு குறைந்தால் அது பிறக்கும். இரும்பு உள்ள, ஆனால் உயிருக்கு இன்றியமையாதது அல்லாத புரதங்களின் தூதுகளைத் தேடிப்போய் நிறுத்தும். ரைஹெச்-பி செய்வதேதான். ஆனால் இரண்டின் எழுத்துக்கும் உறவில்லை. சூடோமோனாஸில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் இரட்டை ஆர்.என்.ஏ.க்கள், பேசில்லஸில் வேறொன்று என்று இந்தச் சிக்கனத்தைப் பல பாக்டீரியாக்கள் தனித்தனியே கண்டடைந்திருக்கின்றன. எம்ஆர்எஸ்ஐ தன் இலக்கைத் தொடுவது ஆறே எழுத்தால். 44 லட்சம் எழுத்துள்ள ஓர் உயிரில் ஆறு எழுத்து எத்தனையோ இடத்தில் தற்செயலாகப் பொருந்தும். அவற்றில் ரைபோசோம் அமரும் இடத்துக்குப் பக்கத்தில், மடிப்பில்லாமல் திறந்து கிடப்பவை மிகச் சிலவே. சரியான இடத்தில் நிற்பதால்தான் ஆறு எழுத்து போதுமானதாகிறது.

இதில் ஈ.கோலையின் கதையில் நான் பார்க்காத ஒரு நயம் உண்டு. எம்ஆர்எஸ்ஐ பிறக்க இரும்புக் குறைவு மட்டுமே காரணம் அல்ல. ஆக்சிஜன் நச்சு தாக்கினாலும் பிறக்கிறது. சவ்வு சேதப்பட்டாலும் பிறக்கிறது. இரண்டுக்கும் இரும்புக்கும் நேரான தொடர்பு இல்லை. ஆனால் இரண்டும் வெள்ளணுவுக்குள் விழுங்கப்பட்ட கிருமிக்கு நேர்பவை; அங்கே இரும்புப் பஞ்சமும் கூடவே வரும். ஆகவே இரும்பு இன்னும் கையிருப்பில் இருக்கும்போதே, சவ்வில் அடி விழுந்த மாத்திரத்தில், கிருமி எம்ஆர்எஸ்ஐயைச் செய்யத் தொடங்குகிறது. அதன் ஆறு எழுத்து போய்த் தொடும் தூதுகளில் ஒன்று பிஎஃப்ஆர்-ஏ. இரும்பைச் சேர்த்துப் பூட்டிவைக்கும் கூட்டுக்கானது. புதிய கூடுகள் கட்டுவது குறைகிறது, இருக்கும் இரும்பு கைக்கு எட்டும் இடத்தில் நிற்கிறது, பஞ்சம் வந்து சேர்வதற்கு முன்பே.